கோயில், சர்ச், வெள்ள நிவாரணம்... நன்கொடை ரசீது கையில இருந்தா வரி குறையுமா? ஒரு முழு விளக்கம்

ஜனவரி பிறந்தால் போதும், ஓசூர் சிப்காட் கம்பெனிகளில் ஹெச்ஆரிடமிருந்து ஒரு மெயில் தவறாமல் வந்துவிடும். வரிச் சலுகை கேட்பவர்கள் அதற்கான ஆதாரங்களை இந்தத் தேதிக்குள் அப்லோடு செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம். அன்றைக்கு கேண்டீன் டேபிளில் பேச்சு முழுக்க அதுவாகத்தான் இருக்கும்.

ஒருவர் மொபைலில் கோயில் தேர்த் திருவிழாவுக்குக் கொடுத்த 5,001 ரூபாய் ரசீது இருக்கும். பக்கத்தில் இருப்பவர் மாதாமாதம் சர்ச்சுக்கு தசமபாகம் கொடுப்பவராக இருப்பார். இன்னொருவர் ரம்ஜான் மாதத்தில் ஜகாத் கொடுத்திருப்பார். நான்காமவர் ஒரு முதியோர் இல்லத்துக்கு யுபிஐ-யில் 10,000 ரூபாய் அனுப்பியிருப்பார். வெள்ளம் வந்தபோது முதல்வர் நிவாரண நிதிக்கு ஒரு நாள் சம்பளம் கொடுத்தவர்களும் அங்கே உண்டு. எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "மச்சி, இதை டேக்ஸ்ல கழிச்சுக்கலாமா?"

கேட்க சின்னக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் இதே கேள்வி வேறு ஒரு வடிவத்தில், சம்பளம் முழுவதையும் தன் சபைக்கே கொடுத்துவிடும் பாதிரியார்கள், கன்னியாஸ்திரிகள் விஷயத்தில், உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அங்கே கிடைத்த பதில் தெரிந்தால் கேண்டீன் டேபிளில் இருக்கும் ரசீதுகளுக்கும் பதில் பாதி கிடைத்துவிடும்.

சம்பளம் வாங்கி அப்படியே கொடுத்துவிட்டால் வரி உண்டா?

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கத்தோலிக்க சபைகள் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகள் நிறைய உண்டு. நிர்வாகம் சபையுடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. இந்தப் பள்ளிகளில் பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் ஆசிரியர்களாக வேலை பார்க்கிறார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டங்களும் 1997-ல் உருவான தர்மபுரி மறைமாவட்டத்துக்குள் வருவதால், இந்தப் பகுதிக்கும் இது புதிய விஷயம் இல்லை.

துறவறத்தில் சேரும்போது அவர்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு எடுக்கிறார்கள். தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளக் கூடாது, எது கிடைத்தாலும் அது சபைக்கே என்பதுதான் அதன் பொருள். அதனால் மாதச் சம்பளம் அப்படியே சபைக்குப் போய்விடும். 'கையில் ஒரு பைசா தங்காத பணத்துக்கு வரி எதற்கு?' என்பது அவர்கள் தரப்பு வாதம்.

இந்த வாதத்துக்குப் பழைய ஆதாரம் ஒன்றும் இருந்தது. மிஷனரிகள் தங்களுக்கு வரும் கட்டணத்தைச் சபையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி இருந்தால், அந்தத் தொகைக்கு அவர்களிடம் வரி கேட்க வேண்டாம் என்று 1944-ல் ஒரு சுற்றறிக்கை வந்தது. 1977-லும் அதே போக்கில் ஒரு விளக்கம் வந்தது. இதை வைத்துப் பல ஆண்டுகள் சம்பளத்தில் டிடிஎஸ் பிடிக்காமலே இருந்தார்கள். 2014-15 வாக்கில் வருமான வரித் துறை நிலைப்பாட்டை மாற்றியது. அரசு கொடுப்பது சம்பளம், அதில் டிடிஎஸ் பிடித்தே ஆக வேண்டும் என்றது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

தனி நீதிபதி சபைகள் பக்கம் தீர்ப்பளித்தார். 2019 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, டிடிஎஸ் பிடிக்கலாம் என்றது. 2021-ல் கேரள உயர் நீதிமன்றமும் அதே முடிவுக்கு வந்தது. கடைசியில் 2024 நவம்பர் 7 அன்று, தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், நீதிபதிகள் ஜே.பி.பார்திவாலா, மனோஜ் மிஸ்ரா ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 93 மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தது. வேலை பார்க்கிறார், அவர் பெயரில் சம்பளம் வருகிறது என்றால் வரிப் பிடித்தமும் உண்டு. அதைப் பிறகு யாருக்குக் கொடுக்கிறார் என்பது வேறு விஷயம்.

'என் பணம்' எப்போது என் பணம் ஆகிறது?

இந்த வழக்கில் ரெண்டு சமாச்சாரம் மோதியது. வரிச் சட்டத்தில் இதற்குப் பழைய வேறுபாடு ஒன்று உண்டு.

முதலாவது, பணம் உங்களுக்கு வருவதற்கு முன்பே சட்டப்படி இன்னொருவருக்குச் சொந்தமாகிவிடுவது. அப்படியென்றால் அது உங்கள் வருமானமே இல்லை. இரண்டாவது, பணம் உங்களுக்கு வந்த பிறகு நீங்கள் அதை ஒரு காரியத்துக்குச் செலவு செய்வது. அது எவ்வளவு நல்ல காரியமாக இருந்தாலும், எவ்வளவு கட்டாயமாக இருந்தாலும், முதலில் அது உங்கள் வருமானம்தான்.

1960-ல் சீதல்தாஸ் தீரத்தாஸ் என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. மனைவி, பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லி அவர் மீது நீதிமன்ற உத்தரவே இருந்தது. அந்தத் தொகையைத் தன் வருமானத்தில் கழிக்கச் சொன்னார். கோர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. பணம் முதலில் அவருக்கு வந்தது, பிறகுதான் அவர் கொடுத்தார் என்றது.

கோர்ட் உத்தரவே போதவில்லை என்றால், மனசுக்குள் எடுத்த நேர்த்திக்கடன் எப்படிப் போதும்? பாதிரியார்கள் வழக்கின் சாரமும் இதுதான். திருச்சபைச் சட்டப்படி துறவி சொத்துரிமையைத் துறந்தவராக இருக்கலாம். ஆனால் வேலை ஒப்பந்தமும் வருமான வரிச் சட்டமும் அவரைச் சம்பளம் வாங்கும் தனிநபராகவே பார்க்கின்றன.

ஒரு சின்னத் திருத்தத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 'டிடிஎஸ் உண்டு' என்றால் 'வரி கட்டியே ஆகணும்' என்று அர்த்தம் இல்லை. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி, சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ளவருக்கு 12.75 லட்சம் ரூபாய் வரை வரி பூஜ்யம். அந்த வரம்புக்குள் இருக்கும் ஆசிரியை, துறவியோ இல்லையோ, வரி கட்ட வேண்டியதில்லை. அவருக்கு அது வருமான வரம்பால் வரும் சலுகை. துறவறத்தால் வருவது இல்லை.

தட்சணை, காணிக்கை, தட்டுக்காசு: இதுக்கும் வரியா?

பள்ளியில் வேலை பார்க்காத பூசாரி, அர்ச்சகர், போதகர், இமாம் நிலைமை என்ன? சபையோ கோயிலோ பள்ளிவாசலோ மாதாமாதம் கொடுப்பது சம்பளமாகவே கணக்கில் வரும். பக்தர்கள் தட்டில் போடுவதும், கல்யாணம், கிரகப்பிரவேசம் நடத்தி வைத்ததற்குக் கிடைப்பதும் அவருடைய தொழில் வருமானம்.

'யாரும் கேட்டு வாங்கலையே, அவங்களா கொடுத்தது' என்ற வாதமும் ஏற்கெனவே உச்ச நீதிமன்றம் போய்வந்ததுதான். திருவாங்கூர் காவல் துறையில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்ற பி.கிருஷ்ண மேனன், பிறகு வேதாந்தம் கற்பித்து வந்தார். அவரிடம் பாடம் கேட்ட லண்டன்காரர் ஜே.எச்.லெவி, லட்சக்கணக்கில் பணம் கொடுத்தார். குரு கேட்கவில்லை, லாபம் பார்க்கவும் இல்லை. ஆனாலும் கற்பிப்பது ஒரு தொழில், அந்தத் தொழிலால் வந்த பணம் வருமானம் என்று 1958-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குருதட்சணைக்கு வரி உண்டு என்று சொன்ன வழக்கு அது.

அமெரிக்காவில் மதப் போதகர்களுக்கு வழங்கப்படும் வீட்டுப் படிக்கு வருமான வரியிலிருந்து தனி விலக்கே இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் 'மதகுரு' என்று தனிப் பெட்டி கிடையாது. எல்லோருக்கும் இருக்கும் அதே வருமான வரம்பு, அதே விகிதம்தான். அதனால்தான் சின்னக் கோயில் அர்ச்சகர்கள், கிராமத்துப் போதகர்கள் பெரும்பாலும் வரி வரம்புக்குள் வருவதே இல்லை.

இப்போ கொடுக்கிறவங்க பக்கம் வருவோம்

வருமானம் உங்கள் கைக்கு வந்தால் முதலில் அது உங்களுடையது, வரி உண்டு. பிறகு கொடுத்தால் கழிவு கிடைக்குமா என்பது, சட்டம் திறந்து வைத்திருக்கும் ஒரு குறுகலான வாசலைப் பொறுத்தது. அந்த வாசலுக்குப் பெயர் 80ஜி.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் உள்ள பிரிவு இது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. 2025-26 நிதியாண்டு வருமானத்துக்குப் பழைய சட்டமும் பழைய எண்களும்தான்.

வாசலுக்குள் போகும் முன் ஒரு கேட் இருக்கிறது. நீங்கள் பழைய வரி முறையா, புதிய வரி முறையா?

புதிய முறையில் 80ஜி கழிவு கிடையாது. 2023-24 முதல் புதிய முறைதான் இயல்பான முறை. நீங்கள் எதுவும் சொல்லாமல் இருந்தால் ஹெச்ஆர் உங்களைப் புதிய முறையில்தான் வைப்பார்கள். அதில் இருந்துகொண்டு எத்தனை ரசீது அப்லோடு செய்தாலும் வரியில் ஒரு ரூபாய் குறையாது.

சரி, நன்கொடைக்காகப் பழைய முறைக்கு மாறலாமா? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஆண்டுச் சம்பளம் 16 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

• புதிய முறை: நிலையான கழிவு 75,000 போக 15.25 லட்சம். செஸ் சேர்த்து வரி 1,13,100 ரூபாய்.

• பழைய முறை: நிலையான கழிவு 50,000, பிஎஃப் போன்ற 80சி முதலீடு 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000 போக 13.75 லட்சம். செஸ் சேர்த்து வரி 2,34,000 ரூபாய்.

• பழைய முறையோடு நன்கொடை: ஒரு தொண்டு அமைப்புக்கு 40,000 ரூபாய் கொடுத்திருந்தால், அதில் பாதி, அதாவது 20,000 மட்டும் கழியும். வரி 2,27,760 ரூபாய்.

நன்கொடையால் மிச்சம் 6,240 ரூபாய். ஆனால் அதற்காகப் பழைய முறையில் இருந்ததால் கூடுதலாகப் போனது ஒரு லட்சத்துக்கும் மேல். இந்தச் சம்பளத்தில் பழைய முறை லாபமாக இருக்க வேண்டுமென்றால், நிலையான கழிவு தவிர மற்ற கழிவுகள் மட்டும் 5,68,750 ரூபாயைத் தாண்ட வேண்டும். வாடகைப் படியும் வீட்டுக் கடன் வட்டியும் சேர்ந்து பெரிய தொகையாக இருப்பவர்களுக்குத்தான் அது சாத்தியம்.

சம்பளம் 12.75 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குக் கணக்கே வேண்டாம். புதிய முறையில் வரி ஏற்கெனவே பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து எதைக் கழிப்பது? ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் வேலைக்குச் சேர்ந்து சில வருஷமே ஆன டிப்ளமோ, இன்ஜினியரிங் இளைஞர்களில் பலர் இந்த வரம்புக்குள்தான் இருப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை நன்கொடை என்பது வரியோடு சம்பந்தமே இல்லாத, மனசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும்.

80ஜி-யில் யாருக்குக் கொடுத்தா எவ்வளவு?

பழைய முறையில் இருப்பவர்களுக்கு, யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கழிவு மாறும்.

• முழுத் தொகையும் கழியும், உச்சவரம்பு இல்லை: பிரதமர் தேசிய நிவாரண நிதி, பிஎம் கேர்ஸ், தேசியப் பாதுகாப்பு நிதி, மாநில முதல்வர் நிவாரண நிதி போன்றவை.

• பாதித் தொகை கழியும், உச்சவரம்பு உண்டு: 80ஜி பதிவு பெற்ற அறக்கட்டளைகள், தொண்டு நிறுவனங்கள், அனாதை இல்லங்கள், முதியோர் இல்லங்கள். நாம் பொதுவாகக் கொடுப்பது எல்லாம் இந்த வகைதான். மற்ற கழிவுகள் போன பிறகு மிஞ்சும் மொத்த வருமானத்தில் 10 சதவீதம் வரைதான் நன்கொடையாகக் கணக்கில் எடுப்பார்கள்.

எளிதாகச் சொன்னால், 30 சதவீத வரி வரம்பில் இருப்பவர் முதல்வர் நிவாரண நிதிக்கு 10,000 கொடுத்தால் வரியில் 3,120 ரூபாய் குறையும். அதே 10,000-ஐ முதியோர் இல்ல அறக்கட்டளைக்குக் கொடுத்தால் 1,560 ரூபாய் குறையும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வேன்களைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போன வீடியோ போன் போனாகச் சுற்றியது. அப்போது உதவிய வழிகள் பல. முதல்வர் நிதிக்குப் போட்டவருக்கு முழுக் கழிவு உண்டு. அரிசி மூட்டை, போர்வை வாங்கி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவருக்குக் கழிவு இல்லை, ஏனென்றால் பொருளாகக் கொடுப்பது 80ஜி-யில் வராது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நேரடியாக ஜிபே செய்தவருக்கும் இல்லை. மூன்று பேரும் செய்தது உதவிதான். சட்டம் பார்ப்பது பணம் போன வழியை மட்டும்.

பிரிட்டனில் இது கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே 'கிஃப்ட் எய்டு' திட்டத்தில் நீங்கள் ஒரு பவுண்டு கொடுத்தால், தொண்டு நிறுவனம் அரசிடமிருந்து இன்னொரு 25 பென்ஸ் வாங்கிக்கொள்ளும். அதாவது வரிச் சலுகையின் பெரும்பகுதி வாங்குபவருக்கே போகிறது. இங்கே அது கொடுப்பவருக்கு வருகிறது.

கோயிலுக்கும் சர்ச்சுக்கும் மசூதிக்கும் கொடுத்தா?

அதிகம் குழப்பம் வரும் இடம் இதுதான்.

'எங்க டிரஸ்ட்டுக்கு வரி விலக்கு இருக்கு' என்று ரசீதில் எழுதியிருக்கும். அது பெரும்பாலும் 12ஏ அல்லது 12ஏபி பதிவு. அறக்கட்டளையின் சொந்த வருமானத்துக்கு வரி இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். கொடுத்த உங்களுக்குக் கழிவு வேண்டுமென்றால் அந்த அமைப்புக்கு 80ஜி பதிவு தனியாக இருக்க வேண்டும்.

அந்தப் பதிவு முழுக்க முழுக்க மதக் காரியங்களுக்காக மட்டும் நடக்கும் அமைப்புக்குப் பொதுவாகக் கிடைக்காது. ஒரு குறிப்பிட்ட மதத்தவருக்கோ சாதிக்கோ மட்டுமே பயன்படும் அமைப்புக்கும் கிடைக்காது. எல்லோருக்கும் பள்ளி, மருத்துவமனை, விடுதி நடத்தும் அறக்கட்டளை, அது எந்த மதத்தவர் நடத்தினாலும், 80ஜி வாங்கலாம். அது தன் வருமானத்தில் 5 சதவீதம் வரை மதக் காரியத்துக்குச் செலவிட்டாலும் பதிவு போகாது.

அதனால் உண்டியல் காணிக்கை, அன்னதான நன்கொடை, தசமபாகம், சந்தா, ஜகாத் ஆகியவை நேரடியாக வழிபாட்டுத் தலத்துக்கோ தனிநபருக்கோ போகும்போது பொதுவாகக் கழிவு இல்லை. எல்லா மதத்துக்கும் விதி ஒன்றுதான்.

ஒரே ஒரு தனி வழி உண்டு. வரலாறு, தொல்லியல், கலைச் சிறப்புள்ள வழிபாட்டுத் தலம் என்றோ, மாநிலம் முழுக்கப் புகழ்பெற்ற வழிபாட்டுத் தலம் என்றோ மத்திய அரசு அரசிதழில் அறிவித்திருந்தால், அதன் திருப்பணி அல்லது பழுதுபார்ப்புக்குக் கொடுக்கும் தொகையில் பாதியைக் கழிக்கலாம். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் 2017-லும், அயோத்தி ராமர் கோயில் அறக்கட்டளை 2020-லும் இப்படி அறிவிக்கப்பட்டன. பட்டியலில் இல்லாத ஊர்க் கோயிலின் கும்பாபிஷேகத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் இந்த வழி திறக்காது.

ரசீது செல்லுமா? ஐந்து விஷயம் பாருங்க

1. பணமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்த நன்கொடைக்குக் கழிவு இல்லை. யுபிஐ, செக், ஆன்லைன் டிரான்ஸ்ஃபர்தான் பாதுகாப்பு.

2. கொடுக்கும்போதே உங்கள் பான் எண்ணைக் கொடுங்கள். அமைப்பு உங்கள் பெயரையும் தொகையையும் வருமான வரித் துறைக்குப் படிவம் 10பிடி வழியாகத் தெரிவிக்க வேண்டும்.

3. நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் அந்த அமைப்பு உங்களுக்குப் படிவம் 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். தொண்டு நிறுவன நன்கொடைக்கு வெறும் அச்சடித்த ரசீதை நம்பி இருக்காதீர்கள். அவர்கள் தெரிவித்ததும் நீங்கள் ரிட்டர்னில் போடுவதும் ஒத்துப்போக வேண்டும்.

4. அமைப்பின் 80ஜி பதிவு எண்ணையும் அது எதுவரை செல்லும் என்பதையும் பாருங்கள். 2021-ல் மறுபதிவு பெற்ற பல அமைப்புகளுக்கு 5 ஆண்டு காலம் 2025-26 நிதியாண்டோடு முடிகிறது. புதுப்பித்தார்களா என்று கேட்பதில் தப்பே இல்லை.

5. ஹெச்ஆர் ரசீதை ஏற்கவில்லை என்றால் பதற வேண்டாம். தனியார் அறக்கட்டளை நன்கொடைகளை வழக்கமாக நிறுவனம் டிடிஎஸ் கணக்கில் சேர்க்காது. நீங்களே ரிட்டர்னில் 80ஜி பட்டியலில் போட்டு ரீஃபண்டாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பழைய முறையைத் தேர்வு செய்ய, கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும்.

'10,000 கொடுங்க, 50,000-க்கு ரசீது தர்றோம்'

ஜூலையில் ரிட்டர்ன் சீசன் வந்தால் வாட்ஸ்அப்பில் இந்த மாதிரி ஆஃபர்களும் வரும். பேங்க் வழியாகப் பணத்தை அனுப்பு, கமிஷன் போக மீதியைக் கையில் தருகிறோம் என்பார்கள். 'உன் ரீஃபண்டில் இவ்வளவு சதவீதம் எனக்கு, மற்றதை நான் பாத்துக்கிறேன்' என்று சொல்லும் ஏஜென்ட்களும் உண்டு. ஒரே டிபார்ட்மென்ட்டில் ஒருவருக்கு ரீஃபண்ட் வந்துவிட்டால், அடுத்த வாரம் பத்துப் பேர் அதே ஏஜென்ட்டிடம் லாகின் பாஸ்வேர்டைக் கொடுத்திருப்பார்கள்.

இதைத்தான் வருமான வரித் துறை இப்போது குறிவைத்திருக்கிறது. 2025 ஜூலை 14 அன்று நாடு முழுக்கப் போலிக் கழிவுகள் தொடர்பான பெரிய சரிபார்ப்பு நடவடிக்கையை மத்திய நேரடி வரிகள் வாரியம் அறிவித்தது. போலி நன்கொடைக் கழிவுகளுக்கான தடயங்கள் கிடைத்த மாநிலங்களில் தமிழ்நாட்டின் பெயரும் இருந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் தவறான கழிவுகளைத் திரும்பப் பெற்றதாகவும் வாரியம் சொன்னது.

மாட்டினால் நிலைமை என்ன? தவறான தகவல் கொடுத்து வரியைக் குறைத்ததாக முடிவானால், குறைத்த வரியில் 200 சதவீதம் வரை அபராதம் உண்டு. வரியும் வட்டியும் தனி. ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். ரிட்டர்ன் உங்கள் பான் எண்ணில் இருக்கிறது, பொறுப்பும் உங்களுடையது.

ஏற்கெனவே இப்படி ஏதாவது போட்டுவிட்டீர்களா? நோட்டீஸ் வரும் வரை காத்திருக்க வேண்டாம். புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன் தாக்கல் செய்ய, சம்பந்தப்பட்ட மதிப்பீட்டு ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை அவகாசம் இருக்கிறது. வரி, வட்டியோடு 25 முதல் 70 சதவீதம் வரை கூடுதல் தொகை கட்ட வேண்டும். தாமதம் ஆக ஆக அந்தச் சதவீதம் ஏறும்.

வீடு ஓசூர்ல, வேலை பெங்களூர்ல: விதி மாறுமா?

ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி என்று தினமும் போய்வருபவர்களுக்கும் இந்தச் சந்தேகம் வரும். தொழில் வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வருமான வரி மத்திய அரசுச் சட்டம், எல்லையின் இரண்டு பக்கமும் ஒன்றுதான். தமிழ்நாடு முதல்வர் நிதிக்குக் கொடுத்தாலும் கர்நாடக முதல்வர் நிதிக்குக் கொடுத்தாலும் பழைய முறையில் முழுக் கழிவு.

அந்த கேண்டீன் டேபிளுக்குத் திரும்பிப் போனால்...

தேர்த் திருவிழா ரசீதுக்குக் கழிவு இல்லை. தசமபாகத்துக்கும் ஜகாத்துக்கும் பொதுவாக இல்லை. முதியோர் இல்லத்துக்கு 80ஜி பதிவும் படிவம் 10பிஇ-யும் இருந்தால் பாதி. முதல்வர் நிதிக்கு முழுசா. இதெல்லாமே பழைய முறையில் இருந்தால் மட்டும்தான். டேபிளில் இருப்பவர்கள் புதிய முறையில் இருந்தால் ஐந்து ரசீதுக்கும் பதில் ஒன்றுதான்: பூஜ்யம்.

அதற்காகக் கொடுத்தது வீணாகிவிடாது. சம்பளம் முழுவதையும் சபைக்குக் கொடுத்த கன்னியாஸ்திரியின் துறவறத்தை உச்ச நீதிமன்றம் சந்தேகிக்கவில்லை. சம்பளம் வந்தபோது அது யாருடைய பணம் என்பதை மட்டும்தான் பார்த்தது. கேண்டீன் டேபிள் ரசீதுகளுக்கும் அதே பார்வைதான். தேருக்குக் கொடுத்த 5,001 தேருக்காகவே போகட்டும். கழிவு கேட்பதாக இருந்தால் மட்டும், கொடுப்பதற்கு முன்பே இரண்டு விஷயத்தைப் பாருங்கள்: நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள், வாங்கும் அமைப்புக்கு 80ஜி இருக்கிறதா.